போதும் என்பதற்கு அளவு எது?

ஒரு பொருளின் ஆயுள் முடிந்துவிட்டது என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உண்டு? அதைச் செய்தவருக்கா, விற்றவருக்கா, வாங்கி வைத்துப் புழங்குகிறவருக்கா? நம் பாட்டன்மார் காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. அம்மி தேய்ந்தால் கொத்தினார்கள்; செம்புப் பாத்திரத்தின் பூச்சுப் போனால் ஈயம் பூசினார்கள்; குடை ஒடிந்தால் கம்பி மாற்றினார்கள். நைந்த சேலை முதலில் தொட்டிலாயிற்று, பிறகு அடுப்படித் துணியாயிற்று, கடைசியில் விளக்குத் திரியாயிற்று. பொருள் தானாகத்தான் இறந்தது. இறக்கும் வரை வீட்டாரில் ஒருவரைப்போல் இருந்தது.

இன்று பொருள்களின் மரணத்துக்கு முன்கூட்டியே நாள் குறிக்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளை எடுத்துக் கொள்வோம். விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதுவரை அளித்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை அன்றோடு நிறுத்திக் கொள்வதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்திருந்தது. 2015 ஜூலையில் வெளிவந்த அந்த இயங்குதளம் பத்தாண்டுக் காலம் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடியது. அக்டோபர் 13 இரவு மூடி வைத்த மடிக்கணினியை 15ஆம் தேதி காலையில் திறந்தவர் அதில் எந்த மாறுதலையும் கண்டிருக்க மாட்டார். ஓர் ஆணி கழன்றிருக்காது; ஓர் எழுத்து அழிந்திருக்காது. ஆயினும் இறந்தோர் பட்டியலில் அதன் பெயர் ஏறிவிட்டது.

இது நம் குடும்பங்களுக்குத் தொலைதூரச் செய்தியன்று. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயின்ற பிள்ளைகள் வழியாக எத்தனையோ வீடுகளுக்குள் முதல் மடிக்கணினி நுழைந்தது. பின்னர் அயல்நாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ விடுமுறையில் வரும்போது கொண்டு வந்தது ஒன்று. கல்லூரியில் சேரும்போது தவணையில் வாங்கியது ஒன்று. இன்று அந்த மடிக்கணினியில்தான் மின்கட்டணம் கட்டுகிறோம், வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம், பிள்ளைகளின் பாடத்தைத் தட்டச்சுச் செய்கிறோம், ஹஜ் விண்ணப்பத்தை நிரப்புகிறோம், வெள்ளிக்கிழமை மாலையில் துபாயிலிருப்பவரின் முகத்தைப் பார்க்கிறோம். திடீரென்று, “இது காலாவதியாகிவிட்டது, வேறு வாங்குங்கள்” என்கிறார்கள். வாங்க வேண்டுமா? வாங்குவதானால் எத்தகையதை? கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகத்தான் இது தோன்றும். ஆனால் சற்று நின்று யோசித்தால், மனிதனுக்குப் போதுமானது எது, அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்னும் பழைய வழக்கு இந்தச் சின்னப் பெட்டிக்குள் மடங்கிக் கிடப்பது தெரியும்.

முதலில் செய்தியைத் திருத்தமாக அறிந்து கொள்வோம். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோனது என்றால் கணினி நின்றுபோனது என்று பொருளில்லை. வீட்டுக் கதவில் பூட்டு இருக்கிறது. சாவியும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டில் இனி ஒரு பழுது கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க வருபவர் இல்லை. கள்வர்களோ புதிய பழுதுகளை நாள்தோறும் தேடிக் கொண்டிருக்கிறார்கள். நிலைமை அவ்வளவுதான். பதிவு செய்து கொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுத் தவணையும் தரப்பட்டது.

அப்படியானால் புதிய விண்டோஸ் 11ஐப் பழைய கணினியிலேயே ஏற்றிக் கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். 2021 அக்டோபரில் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கு 4 ஜி.பி. ரேம் போதும், 64 ஜி.பி. சேமிப்பிடம் போதும் என்கிறார்கள். இது நம்மில் பெரும்பாலோரிடம் உண்டு. இடறுவது வேறு இடத்தில். டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும். செயலி, நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். இன்டெல் செயலிகளில், ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை அந்தப் பட்டியலில் இல்லை. எட்டாம் தலைமுறை 2017இல்தான் வந்தது.

இதன் விளைவு ஒரு வேடிக்கை. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ-7 மடிக்கணினி வாசலுக்கு வெளியே நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த, அதைவிட எத்தனையோ மடங்கு மெதுவான செலரான் என்-4000 செயலி கொண்ட மலிவுக் கணினி உள்ளே அழைக்கப்படுகிறது. முன்னதின் உரிமையாளர் 16 ஜி.பி. ரேம் போட்டு வைத்திருந்தாலும் பயனில்லை. வலிமையைப் பார்த்து வாசல் திறக்கவில்லை; பிறந்த தேதியைப் பார்த்துத் திறந்தது.

இதை நாம் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் பெரும் பணத்தைச் செலவழிக்க வைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “பிற்காலத்துக்கும் உதவும்.” மகன் தந்தையிடம், “வாப்பா, வாங்குறதே வாங்குறோம், இன்னும் இருபதாயிரம் போட்டா பத்து வருஷத்துக்குக் கவலையில்ல” என்கிறான். தந்தைக்கும் அது சிக்கனமாகவே படுகிறது. ஊதாரித்தனம் ஒருபோதும் ஊதாரித்தனம் என்ற பெயரில் வீட்டுக்குள் வருவதில்லை. முன்யோசனை என்ற சட்டையைப் போட்டுக் கொண்டுதான் வருகிறது. ஆனால் மேற்சொன்ன ஐ-7 கணினியின் கதையைப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய இரு கணினிகளில் ஒன்று பெரும் வலிமையுடையது, மற்றது எளியது. இரண்டின் செயலிகளும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையானால், இரண்டுக்கும் வாசல் மூடும் நாள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கூடுதலாகக் கொடுத்த பணம் வேகத்தை வாங்கித் தந்தது. ஆயுளை வாங்கித் தரவில்லை. வேகம் வேண்டாதவர் அதற்குப் பணம் கொடுத்தது வீண் அன்றோ?

ஆகவே, அறிவிக்கப்பட்ட மரணத்தை நாம் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பழையதையே வைத்துக் கொண்டு காலந்தள்ளலாம் என்று இவ்விடத்தில் முடித்துவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அப்படி முடிக்க நம் மனம் இடங்கொடுக்கவில்லை. ஏனெனில் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

நம் ஊர்களில் ஒருவர் வீட்டு மடிக்கணினி அவர் வீட்டுக்கு மட்டும் உரியதாக இருப்பது அரிது. மஹல்லா ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு அதில் இருக்கும். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடச் சொன்ன பக்கத்து வீட்டு மூதாட்டியின் ஆதார் நகல் இருக்கும். வங்கிக் கணக்கைத் தாமே பார்க்கத் தெரியாத ஒருவர் நம்பிக்கையோடு சொல்லிவிட்டுப் போன கடவுச்சொல்கூட ஒரு மூலையில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இவையெல்லாம் அமானிதங்கள். நம் சொந்தப் பணத்தை ஓட்டைப் பெட்டியில் வைப்பது நம் துணிச்சல்; பிறர் கொடுத்து வைத்ததை ஓட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டு, புதுப் பெட்டி வாங்காமல் மிச்சம் பிடித்தேன் என்று சொல்வது சிக்கனத்தின் கணக்கில் சேராது. அந்த மிச்சம் யாருடைய ஆபத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தன் வாயைக் கட்டிச் சேர்ப்பவரும் கூலிக்காரரின் கூலியைக் குறைத்துச் சேர்ப்பவரும் ஒரே பெயரால் அழைக்கப்படக் கூடாது.

எனவே ஒரு வேறுபாடு செய்ய வேண்டியிருக்கிறது. இணையத்தோடு தொடர்பின்றி, கடிதம் தட்டச்சுச் செய்யவும் பழைய படங்களைப் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணினிக்கு அக்டோபர் 14 என்பது ஒன்றுமில்லாத நாள். பிறர் பணமும் பிறர் பத்திரமும் புழங்கும் கணினிக்கு அது மெய்யான எல்லை. அந்தக் கணினியை மாற்றலாம். அல்லது லினக்ஸ் போன்று இன்றும் திருத்தங்கள் வந்து கொண்டிருக்கும் ஓர் இயங்குதளத்தை அதில் ஏற்றலாம். லினக்ஸ் மின்ட் முதலியவை காசு கேட்பதில்லை. பழைய கணினிகளிலும் தாராளமாக ஓடும். ஆனால் அறுபது வயதில் விண்டோஸையே தட்டுத் தடுமாறிப் பழகிய ஒருவரிடம், இதையெல்லாம் மறந்துவிட்டு வேறொன்றைப் பழகுங்கள் என்று சொல்வதும் ஒரு சுமைதான். பணமில்லாச் செலவு என்பதால் அதைச் செலவு இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

நிற்க. மாற்றுவது என்று முடிவாயிற்று என வைத்துக் கொள்வோம். இப்போதுதான் “அன்றாடத் தேவை” என்னும் சொல் நம்மை மடக்குகிறது.

தேவை என்பது என்ன? 1776ஆம் ஆண்டில் வெளிவந்த நாடுகளின் செல்வம் பற்றிய நூலில் ஆதம் ஸ்மித் இதை ஆராய்ந்திருக்கிறார். உயிர் வாழ இன்றியமையாதவை மட்டுமே தேவைகள் என்று அவர் கருதவில்லை. ஒரு நாட்டின் வழக்கப்படி, கௌரவமான ஏழை ஒருவன் எது இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கப்படுவானோ அதுவும் தேவையே என்றார். லினன் சட்டையை அவர் உதாரணம் காட்டினார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் அது இல்லாமலே சுகமாக வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்துக் கூலித் தொழிலாளி அது இல்லாமல் பலர்முன் வர நாணுவான் என்று எழுதினார். தோல் செருப்பு இங்கிலாந்தில் ஆண் பெண் இருவருக்கும் தேவை, ஸ்காட்லாந்தில் அடித்தட்டு ஆண்களுக்கு மட்டும் தேவை, பிரான்சில் இருவருக்குமே தேவையில்லை என்று நாட்டுக்கு நாடு கணக்கிட்டும் காட்டியிருக்கிறார்.

ஸ்மித் சொன்னதில் பெரும் உண்மை உண்டு. கல்லூரியில் எல்லாரும் கணினியில் பாடம் எழுதிக் கொடுக்கும்போது நம் பெண் மட்டும் கையால் எழுதிக் கொண்டு போய் நிற்பாளானால், அந்த வெட்கத்தை ஆடம்பர ஆசை என்று ஏசுவது கொடுமை. ஆனால் ஸ்மித்தின் அளவுகோலில் ஓர் ஆபத்தும் உண்டு. வெட்கத்தைத் தேவையின் அளவாக்கிவிட்டால், வெட்கத்தை உண்டாக்கத் தெரிந்தவன் தேவையையும் உண்டாக்கிவிடுவான். விளம்பரக் கலை முழுவதும் இதுதான். கையிலிருப்பதை எண்ணி நம்மை நாண வைத்துவிட்டால் வியாபாரத்தில் பாதி முடிந்துவிட்டது.

ஸ்மித்துக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முன்பே, 1388இல் மறைந்த கிரனடா நகரத்து இமாம் ஷாத்திபி, மனித நலன்களை மூன்று படிகளாக வகுத்து விரித்துரைத்தார். இல்லாவிட்டால் வாழ்வே குலைந்துபோகும் இன்றியமையாதவை முதற்படி. இல்லாவிட்டால் வாழ்வு குலையாது, ஆனால் இடர்ப்பாடும் நெருக்கடியும் மிகும் என்னும் தேவைகள் இரண்டாம் படி. வாழ்வை அழகுபடுத்துபவை மூன்றாம் படி. அவருக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி முதலானோரும் இவ்வழியில் சிந்தித்திருக்கிறார்கள். சட்டத்தின் நோக்கங்களை விளக்க எழுந்த பகுப்பு இது. மடிக்கணினிக் கடைக்கு இதை இழுத்துக் கொண்டு போவது நம் பொறுப்பில் நாம் செய்வது. ஆயினும் இதில் நமக்குப் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. நடுப்படியை அளக்கும் கோல் வெட்கமன்று, இடர்ப்பாடு. “பிறர் என்ன நினைப்பார்கள்?” என்று கேட்பதற்குப் பதில், “இது இல்லாவிட்டால் எந்த வேலை தடைப்படும், யாருக்குச் சிரமம்?” என்று கேட்க வைக்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல விளம்பரக்காரர் வேண்டாம், வீட்டிலிருப்பவர்களே போதும்.

இந்தக் கோலைக் கையில் எடுத்தால் சில வீடுகளுக்கு மடிக்கணினியே தேவையில்லை என்பதும் தெரிய வரும். கட்டணம் கட்டவும் முகம் பார்த்துப் பேசவும் கைப்பேசி போதும். ஆனால் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டிய வீட்டில் கைப்பேசியை மட்டும் கொடுத்துவிட்டு, எல்லாம் அதிலேயே முடியும் என்று சொல்வது சரியாகாது. கைப்பேசி பெரும்பாலும் வாங்கிக் கொள்ளும் கருவி. விசைப்பலகையோடு கூடியது ஆக்கும் கருவி. வீட்டில் படிக்கிற பெண்பிள்ளை இருந்து, தன்னுடையது என்று ஒரு மேசையும் ஒரு விசைப்பலகையும் அவளுக்குக் கிடைக்குமானால், அதை இரண்டாம் படியின் உச்சியில் வைக்கவே நாம் விரும்புவோம். இதில் கஞ்சத்தனம் காட்டிவிட்டு, கல்யாண மண்டபத்து மின்விளக்குத் தோரணத்துக்கு அள்ளிக் கொடுக்கிற குடும்பங்களை நாம் அறிவோம்.

போதுமானதன் அளவு என்ன என்று இப்போது சொல்லலாம். மேலே சொன்ன அன்றாடக் காரியங்களுக்கு 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் போதும். ரேமைவிட எஸ்.எஸ்.டி. முக்கியம் என்றே சொல்வோம். சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினால், தூக்கி எறிய வைத்திருந்த கணினிகூட எழுந்து நடக்கிறது. ரேம் பின்னால் கூட்டிக் கொள்ளக் கூடியதா, பலகையோடு பற்ற வைக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குவது நல்லது. 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியதால், இன்று தேவையற்ற ரேமுக்குப் பணத்தைப் பூட்டாமல், வேண்டும்போது கூட்டும் வழியைத் திறந்து வைத்துக் கொள்வதே அறிவுடைமை. திரையும் விசைப்பலகையும் கண்ணுக்கும் கைக்கும் உகந்தவையா என்று நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும். செயலியைப் பொறுத்தவரை வேகத்தைவிட அதன் தலைமுறையே நம் கவனத்துக்குரியது. குரோம்புக் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பத்தாண்டுக் காலம் திருத்தம் தருவதாக 2023இல் கூகுள் அறிவித்தது உண்மை; ஆனால் அந்தப் பத்தாண்டு, நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று; அந்தக் கணினியின் அடித்தளம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. மலிவு விற்பனையில் கிடைப்பதில் எத்தனை ஆண்டு ஏற்கெனவே கரைந்துவிட்டது என்று பார்த்துக் கொள்க.

பிறர் புழங்கியதை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டு புழங்கிவிட்டுக் கழித்துவிடும் மடிக்கணினிகள், வீட்டுக்கென்று செய்யப்பட்ட மலிவுக் கணினிகளைவிடக் கட்டுறுதியாகவும் பழுது பார்க்க எளிதாகவும் இருப்பதுண்டு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காமல் பார்த்துக் கொண்டால் போதும். சென்னை ரிச்சி தெருவில் இவற்றுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. உதிரி பாகங்களும் அங்கேயே கிடைக்கின்றன. ஆனால் இங்கே விற்பவரின் கடமை மிகுதி. மடிக்கணினியின் முகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிடலாம். பேட்டரியின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. பொருளில் உள்ள ஐபை மறைத்து விற்பது நம் வணிக மரபில் என்றும் வெட்கக்கேடாகவே எண்ணப்பட்டது. “பேட்டரி ஒரு மணி நேரம்தான் நிற்கும், அதற்கேற்ற விலை இது” என்று முதலிலேயே சொல்லிவிடும் கடைக்காரரிடம், பத்து நூறு ரூபாய் கூடக் கொடுத்தாவது வாங்க நாம் தயங்க மாட்டோம்.

பிரெஞ்சு அறிஞர் திதரோ 1769இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவருக்கு அழகான புதிய மேலங்கி ஒன்று பரிசாகக் கிடைத்தது. அதை அணிந்து அறையில் அமர்ந்ததும் நாற்காலி பழையதாகத் தெரிந்தது, பிறகு மேசை, பிறகு சுவரிலிருந்த படங்கள்; ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பழைய அங்கியை இழந்ததற்காகப் புலம்பினார். புது மடிக்கணினி வந்த வீட்டில் பையும், மேசையும், அச்சுப் பொறியும், அதிவேக இணைய இணைப்பும் எவ்வளவு விரைவாகப் பின்னால் வந்து சேர்கின்றன என்பதை வாசகர்கள் தம் வீட்டிலேயே கண்டிருக்கலாம்.

இனி, பொறுப்பு யாருடையது என்னும் வழக்குக்கு வருவோம். “தேதி குறித்தது நிறுவனம், கழிவானால் பாவம் அவர்களுக்கு, நமக்கென்ன?” என்று சிலர் வாதிப்பார்கள். இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. பொருளுக்கு நாள் குறிக்கும் எண்ணம் இன்று நேற்று முளைத்ததன்று. 1932இல், அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்தபோது, பெர்னார்டு லண்டன் என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பொருள்களுக்கு அரசே ஆயுள் குறிக்க வேண்டும். அந்நாள் கடந்ததும் சட்டப்படி அவை இறந்தவையாகக் கருதப்பட வேண்டும். மக்கள் புதியவை வாங்க, தொழிற்சாலைகள் ஓடும் என்பது அவர் யோசனை. வேலையற்றோருக்கு வேலை தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அரசு அதை ஏற்கவில்லை. அரசு குறிக்க மறுத்த நாளை இன்று நிறுவனங்கள் குறிக்கின்றன.

எதிர்ப்பும் எழாமலில்லை. பொருள் எவ்வளவு எளிதில் பழுது பார்க்கத்தக்கது என்பதை மதிப்பெண்ணாகக் கடையிலேயே காட்ட வேண்டும் என்று பிரான்சு நாடு 2021 ஜனவரி முதல் விதித்தது. மடிக்கணினியும் அதில் அடங்கும். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. பொறுப்பின் பெரும்பங்கு செய்கிறவனிடமும் சட்டம் இயற்றுகிறவனிடமும் இருக்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவன் பங்கு பெரிதாக இருப்பதால் மற்றவன் பங்கு இல்லாமற் போய்விடாது. பத்துப் பேர் சுமக்கும் சந்தூக்கில் ஒருவர் தோளை எடுத்துக் கொண்டால் சந்தூக்கு விழாது. அதனால் அவர் சுமந்ததாக ஆகிவிடுமா?

நம் பங்கு எவ்வளவு என்று கேட்டால், இதைச் சொல்லலாம். மடிக்கணினி தன் வாழ்நாள் முழுவதும் காற்றில் சேர்க்கும் கரியில் பெரும்பகுதி, அது தொழிற்சாலையில் உருவாகும்போதே சேர்ந்துவிடுகிறது. நாம் அதை ஓட்டச் செலவிடும் மின்சாரத்தால் வருவது குறைவே. ஆகவே இருப்பதை இரண்டாண்டு கூடுதலாக ஓட்டுவதே, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புதியதை வாங்குவதைவிடப் பெரும்பாலும் நன்மை பயக்கும். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில், உலகில் தோண்டப்படுவதில் பாதிக்கும் மேல் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் உழைக்கிறார்கள் என்பது உலகறிந்த செய்தி. இது பிறப்பின் பக்கம்.

இறப்பின் பக்கமோ இன்னும் இருண்டது. 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எஞ்சியது எங்கே போயிற்று? தில்லியின் சீலம்பூர் சந்துகளைப் பார்த்தவர்கள் விடை சொல்வார்கள். அங்கே கம்பியின் மேலுறையைத் தீயில் எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். சுற்றுப் பலகைகளை அமிலத்தில் முக்கி உலோகம் பிரிக்கிறார்கள். புகையை மூச்சில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் வேறு பிழைப்பில்லாத ஏழைகள். அவர்களில் நம் சமுதாயத்தவரும் நிறைய உண்டு. 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, உற்பத்தியாளர்களே கழிவை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கின்றன. அதன்படி அனுமதி பெற்ற இடத்தில் ஒப்படைப்பது ஒரு வழி. நம் தெருவில் தராசோடு வரும் பழைய இரும்புக்காரரோ மடிக்கணினியையும் எடை போட்டுத்தான் எடுக்கிறார். அவர் வண்டியிலிருந்து அது எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது.

இதையெல்லாம் அறிந்தவர்கள், “அப்படியானால் யாராவது ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமே” என்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் இதில்தான் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பில்லை என்று நம் வங்கிக் கணக்குக்கு உதவாத கணினி, ஏழை வீட்டு வங்கிக் கணக்குக்கு மட்டும் எப்படி உதவும்? அவர்கள் கணக்கில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கும் என்றா? அந்த ஆயிரம் போனால் அவர்கள் படும் பாடு, நம்முடையதில் லட்சம் போனால் நாம் படும் பாட்டைவிடப் பெரிது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துபோகும் பேட்டரியும், மூன்று எழுத்து விழாத விசைப்பலகையுமாக ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தானம் செய்தோம் என்று எண்ணினால், குப்பைத்தொட்டிக்கு நடக்கும் தூரத்தை மிச்சப்படுத்திக் கொண்டோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கொடுப்பதானால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அதிலுள்ள நம் பத்திரங்களையும் பிறர் நம்மிடம் தந்தவற்றையும் மீட்க முடியாதபடி அழிக்க வேண்டும். கோப்புகளை நீக்கிவிட்டால் மட்டும் அவை அழிந்துவிடுவதில்லை. தெரிந்தவரைக் கொண்டு முழுமையாகத் துடைக்கச் செய்ய வேண்டும். பிறகு ஒரு புதிய பேட்டரி, வேண்டுமானால் ஓர் எஸ்.எஸ்.டி., திருத்தங்கள் வந்து கொண்டிருக்கும் ஓர் இயங்குதளம். இவற்றுக்காகும் செலவையும் நாமே ஏற்க வேண்டும். நம் வீட்டில் பெரியவருக்குக் கடினமாக இருந்த லினக்ஸ், பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாளில் வசப்பட்டுவிடும். சார்ஜரை மறந்துவிடாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைத் தனியே வாங்கும் விலையே சில வீடுகளில் ஒரு வாரச் சாப்பாடு. கொடுத்த பிறகும் ஒரு வருடத்துக்காவது, அந்தப் பிள்ளை வந்து, “மாமா, இது திறக்க மாட்டேங்குது” என்று சொன்னால், உட்கார்ந்து பார்த்துக் கொடுக்க நம் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.